காவலன் வாடிக்கையாளன் ஆன கதை: 'கோதிக்' சிறைக்கோட்டையின் சுதந்திரக் கணக்கு

மாயாஜால உலகக் கதைகளில் சிறை என்றால் அதன் வேலை ஒன்றுதான். கதாநாயகன் அதிலிருந்து தப்பிக்க வேண்டும். இருட்டறை, சங்கிலி, தூங்கும் காவலன், அவன் இடுப்பில் சாவிக்கொத்து. பத்து நிமிஷத்தில் ஆள் வெளியே வந்துவிடுவான், கதை வேறெங்கோ போய்விடும். சிறை எப்படி நடக்கிறது, சோறு எங்கிருந்து வருகிறது, உள்ளே யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

2001-ல் ஜெர்மனியில் வெளிவந்த 'கோதிக்' கணினி விளையாட்டு இதைத் தலைகீழாகப் போட்டது. அதில் கதையின் ஆரம்பத்தில் உங்களைச் சிறைக்குள் தள்ளிவிடுகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அரசாங்கக் காவலர் ஒருத்தர்கூட இல்லை. கைதிகளே கோட்டையைப் பிடித்து, கைதிகளே ஆண்டு, கைதிகளே வரி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். தப்பிப்பது கடைசிக் கவலை. முதல் கவலை, இன்று ராத்திரி எங்கே படுப்பது, யாரிடம் அடி வாங்காமல் இருப்பது.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ரசிகர் வட்டத்தில் பலர் இந்தச் சிறைக் காலனியை 'சுதந்திர பூமி' என்றே பேசுகிறார்கள். ராஜாவின் சட்டம் செல்லாத இடம், அடிமைகள் எழுந்து நின்ற இடம் என்று. மூன்றாவது முறையாக விளையாடி முடித்தபோது, இந்த விளையாட்டு சொல்வது அதற்கு நேர் எதிரான ஒன்று என்று எனக்குத் தோன்றியது. சுவரின் சாவி யார் கையில் என்பதை விட, அரிசியும் தாதுவும் யார் கையில் என்பதே சுதந்திரத்தைத் தீர்மானிக்கிறது என்கிறது அது. எப்படி என்று பார்ப்போம். கதையின் முடிவு வரை பேசப்போகிறேன், இன்னும் விளையாடாதவர்கள் யோசித்துக்கொள்ளவும்.

கதை, சுருக்கமாக

மிர்டானா என்ற ராஜ்ஜியம். ராஜா இரண்டாம் ரோபார். ஓர்க்குகளோடு பெரிய யுத்தம். நல்ல ஆயுதம் செய்ய மாயத்தாது வேண்டும், அது கோரினிஸ் தீவின் சுரங்கங்களில் கிடைக்கிறது. வெட்டி எடுக்க ஆள் வேண்டும். எனவே சின்னக் குற்றம், பெரிய குற்றம் என்று பார்க்காமல் எல்லாரையும் அங்கே அனுப்புகிறார்கள். கைதிகள் தப்பாமல் இருக்க மந்திரவாதிகளைக் கூப்பிட்டு, சுரங்கப் பகுதியைச் சுற்றி ஒரு மாயத்திரை எழுப்பச் சொல்கிறான் ராஜா. சடங்கு நடக்கும்போது ஏதோ பிசகிவிடுகிறது. திரை எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பெரிதாக விரிந்து பள்ளத்தாக்கு முழுவதையும் மூடிவிடுகிறது. எழுப்பிய மந்திரவாதிகளே உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் குழப்பத்தில் கைதிகள் காவலர்கள் மேல் பாய்ந்து கோட்டையைப் பிடிக்கிறார்கள்.

திரையின் குணத்தைக் கவனியுங்கள். உள்ளே எது வேண்டுமானாலும் வரலாம். உயிருள்ள எதுவும் வெளியே போக முடியாது, போனால் சாவு. உயிரில்லாத சரக்கு வெளியே போகலாம். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு உடனே டயோடு ஞாபகம் வரும், ஒரு பக்கம் மட்டும் விடும் சாமான். மனிதர்களுக்கு டயோடு, தாதுவுக்குச் சாதாரணக் கம்பி. விளையாட்டின் மொத்த அரசியலும் இந்த ஒரு விதியிலிருந்து முளைக்கிறது.

ராஜாவுக்கு இப்போது ஒரு சங்கடம். படையை உள்ளே அனுப்பலாம், ஆனால் அனுப்பிய படை திரும்பாது. தாது இல்லாமல் யுத்தம் நடத்தவும் முடியாது. வேறு வழியின்றிப் பேரம் பேசுகிறான். உள்ளே இருக்கிறவர்கள் தாது தருவார்கள், அவன் ரொட்டி, மாமிசம், ஆயுதம், துணி, கேட்டதை எல்லாம் இறக்குவான். அப்படியே நடக்கிறது. புதுக் கைதிகளையும் தொடர்ந்து தள்ளிவிடுகிறான்.

ராஜா எதை இழந்தான்?

இந்த இடத்தில்தான் பலர் கைதட்டுகிறார்கள். ராஜாவையே மண்டியிட வைத்துவிட்டார்களே என்று. ஒரு நோட்டை எடுத்து வரவு செலவு எழுதிப் பாருங்கள்.

கலகத்துக்கு முன்னால் ராஜாவுக்கு என்ன செலவு? காவலர்களுக்குச் சம்பளம், கைதிகளுக்குச் சாப்பாடு, கோட்டைப் பராமரிப்பு. வரவு, தாது. கலகத்துக்குப் பின்னால்? காவலர் சம்பளம் கிடையாது. சாப்பாடு அனுப்புவது தொடர்கிறது, கூடக் கொஞ்சம் ஆடம்பரச் சாமான். வரவு, அதே தாது. கைதிகளை அடித்து வேலை வாங்கும் வேலையைக் கைதிகளே எடுத்துக்கொண்டார்கள். இன்றைய ஆபீஸ் பாஷையில் சொன்னால், ராஜா தன் சிறைத்துறையை அவுட்சோர்ஸ் செய்துவிட்டான். காவலன் என்ற வேஷத்தைக் கழற்றிவிட்டு வாடிக்கையாளன் என்ற வேஷத்தைப் போட்டுக்கொண்டான். நாடகம் மாறவில்லை.

அப்படியானால் கைதிகளுக்கு எதுவுமே கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. பழைய முகாமின் அமைப்பைப் பாருங்கள். நடுவில் கோட்டை. அதில் கோமெஸும் அவனுடைய தாதுப் பிரபுக்களும், கூடவே தீ மந்திரவாதிகளும். கோட்டைக்குக் காவல்காரர்கள். கோட்டையைச் சுற்றி வெளிவட்டத்தில் குடிசைகள். அங்கே 'நிழல்கள்' என்று அழைக்கப்படும் கையாட்கள் சிலர், மீதியெல்லாம் சுரங்கக் கூலிகள். கூலி வெட்டிய தாதுவில் பெரும் பங்கு மேலே போகிறது. மேலிருந்து ரொட்டி கொஞ்சம் கீழே வருகிறது.

நீங்கள் உள்ளே நுழைந்து கொஞ்ச நேரத்தில் ப்ளட்வின் என்ற காவல்காரன் வந்து, ரொம்பச் சிநேகமாகப் பத்து தாதுக்கட்டி கேட்பான். பாதுகாப்புக் கட்டணம். கொடுத்தால் உன்னைப் பார்த்துக்கொள்வோம். கொடுக்கவில்லை என்றால் அடி விழும்போது நாங்கள் எதையும் பார்க்கமாட்டோம். பஸ் ஸ்டாண்டு ஓரம் தள்ளுவண்டி போட்டவருக்கு இந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த ஒரு காட்சியில் விளையாட்டு தன் கொள்கையைச் சொல்லிவிடுகிறது. இங்கே ராஜாவின் சட்டம்தான் போனது. ராஜாங்கம் அப்படியே இருக்கிறது.

நிஜத்தில் இப்படி நடக்குமா?

கற்பனைதானே என்று தள்ளிவிட முடியாது. வெனிசுவேலாவில் டோகோரோன் என்று ஒரு சிறை. அரசாங்கக் காவல் மதில் வரைக்கும்தான். உள்ளே ஆட்சி கைதிகளின் தலைவனுடையது, அங்கே அவனுக்கு 'ப்ரான்' என்று பெயர். ஒவ்வொரு கைதியும் வாராவாரம் 'காவ்சா' என்ற வரி கட்ட வேண்டும். உள்ளே நீச்சல்குளம், மிருகக்காட்சிசாலை, நடன கிளப் எல்லாம் இருந்தன. டிரென் டி அராகுவா என்ற குற்றக் கும்பல் வளர்ந்ததே அந்த மதிலுக்குள்தான். 2023 செப்டம்பரில் 11,000 பேர் கொண்ட படையை அனுப்பித்தான் அரசு அதைத் திரும்பப் பிடித்தது. கோமெஸின் கோட்டையை எழுதியவர்கள் இதைப் பார்த்து எழுதியிருக்க முடியாது, விளையாட்டு இருபது வருஷத்துக்கும் மேல் முந்தியது. ஆனால் மதில், வரி, மேலே சொகுசு, கீழே குடிசை என்ற வரைபடம் அச்சு அசல் ஒன்றுதான்.

சமூகவியலில் இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. கிரெஷாம் சைக்ஸ் என்ற அமெரிக்கர் நியூ ஜெர்சி மாநிலச் சிறையை ஆராய்ந்து 1958-ல் 'தி சொசைட்டி ஆஃப் கேப்டிவ்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். காவலர்களுக்கு முழு அதிகாரம் இருப்பதாக வெளியே தோன்றுகிறது, ஆனால் தினசரி சிறை ஓட வேண்டுமானால் கைதிகளின் ஒத்துழைப்பு வேண்டும் என்பது அவர் வாதம். அந்த ஒத்துழைப்பை அடித்து மட்டும் வாங்க முடியாது. ஆகவே சின்னச் சின்ன மீறல்களைக் கண்டும் காணாமல் விட்டு, பெரிய அமைதியை வாங்கிக்கொள்கிறார்கள். அதாவது சிறைக்குள் பேரம் என்பது கலகத்துக்கு அப்புறம் வருவதில்லை, எப்போதுமே இருக்கிறது. 'கோதிக்' செய்ததெல்லாம், மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் அந்தப் பேரத்தை மலையுச்சிக்குக் கொண்டுவந்து, எல்லார் கண்முன்னாலும் சரக்கு இறக்கும் மேடையாக வைத்ததுதான்.

கைதியே காவலனாவதற்கு நம்மோடு தொடர்புள்ள உதாரணமும் இருக்கிறது. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் இந்தியக் கைதிகளின் குடியிருப்பு ஒன்று இருந்தது. மதராஸ் மாகாணத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுபோனார்கள். அங்கே நன்னடத்தை உள்ள கைதிகளையே மற்ற கைதிகளுக்கு வார்டர்களாக வைத்தது நிர்வாகம். அதை நடத்திய அதிகாரி மெக்நேர், பேலிஸ் என்பவரோடு சேர்ந்து 1899-ல் எழுதிய புத்தகத்தின் பெயரே 'கைதிகளே தங்கள் காவலர்கள்' என்ற பொருள் தருவது. இன்றைக்குச் சிங்கப்பூர் போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானா மாளிகையும் அந்தக் கைதிகளின் உழைப்பு. அதைச் சுதந்திரம் என்று ஒருவரும் சொல்லமாட்டோம். செலவு குறைந்த நிர்வாகம் என்போம். ப்ளட்வினைப் பார்க்கும்போதும் அதே வார்த்தைதான் எனக்கு வருகிறது.

தாதுதான் காசு

விளையாட்டின் இன்னொரு அழகான விஷயம் நாணயம். காலனிக்குள் தங்கம் செல்லாது. தாதுக்கட்டிதான் காசு. வாள் வாங்க, சூப்பு வாங்க, மேப்பு வாங்க, லஞ்சம் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

இதைப் படிக்கும்போது பொருளாதாரம் படித்தவர்களுக்கு ராட்ஃபோர்டின் கட்டுரை நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாக இருந்தவர் ஆர். ஏ. ராட்ஃபோர்ட். வெளியே வந்ததும் 1945-ல் 'எகனாமிகா' இதழில் முகாமின் பொருளாதாரம் பற்றி எழுதினார். அங்கே சிகரெட்தான் காசு. செஞ்சிலுவைப் பொட்டலம் வந்தால் சிகரெட் பெருகி விலைகள் ஏறும். வராவிட்டால் இருப்பதையும் ஊதித் தீர்த்துவிடுவார்கள், விலைகள் இறங்கும். நல்ல சிகரெட்டை வைத்துக்கொண்டு மட்டமானதைச் செலவுக்கு விடுவார்கள், கெட்ட காசு நல்ல காசை விரட்டும் என்ற பழைய விதிப்படியே.

சிகரெட்டுக்கும் தாதுக்கட்டிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, என் வாதமே அதில்தான் நிற்கிறது. சிகரெட்டை உள்ளே இருக்கிறவனே ஊதலாம். அதற்கு உள்ளேயே ஒரு மதிப்பு உண்டு. தாதுவைத் தின்ன முடியாது, ஊத முடியாது. அது எதற்குக் காசாக இருக்கிறது? வெளியே ஒருவன் அதை வாங்குகிறான் என்பதற்காக. பழைய முகாமில் சூப்பு விற்கிறவன் தாதுவை வாங்கிக்கொள்கிறான் என்றால், அவன் கடைசியில் நம்புவது ராஜாவின் தேவையை. ராஜாவை எதிர்த்துக் கலகம் செய்தவர்களின் பையில் இருக்கும் ஒவ்வொரு காசும் ராஜாவின் பெயரில் எழுதிய உறுதிச்சீட்டு. ராஜாவின் தலை அதில் அச்சடிக்கப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை விளையாட்டின் வசனங்கள் எங்கேயும் விளக்குவதில்லை. விலைப்பட்டியலில் மட்டும் இருக்கிறது. அதனாலேயே எனக்கு இது பிடிக்கும். இப்போது வரும் பல விளையாட்டுகளில் அரசியலைப் பாத்திரங்கள் மேடைப்பேச்சாகப் பேசித் தீர்த்துவிடுகிறார்கள்.

மற்ற இரண்டு முகாம்கள்

பேரத்தை ஏற்காதவர்களும் உண்டு. புதிய முகாமின் தலைமையில் ராஜாவின் முன்னாள் தளபதி லீ இருக்கிறான், கூடவே தண்ணீர் மந்திரவாதிகள். இவர்கள் ராஜாவோடு வியாபாரம் செய்வதில்லை. வெட்டிய தாதுவை எல்லாம் ஒரு பெரிய மேடாகக் குவித்து வைக்கிறார்கள். ஒரு நாள் அந்த மொத்த சக்தியையும் வெடிக்கவைத்துத் திரையை உடைப்பதுதான் திட்டம்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ரசிகர்களில் பாதிப்பேர் இந்தப் பக்கம்தான். ஆனால் அங்கே போனதும் முதலில் கண்ணில் படுவது வயல். நெல் வயல். ஐரோப்பியப் பாணிக் கோட்டை கொத்தளத்துக்கு நடுவில் நெல் வயலைப் பார்த்தால் நமக்கு ஒரு சந்தோஷம் வரும். ஒரு நிமிஷம்தான். வயலுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், 'அரிசிப் பிரபு' என்று பெயர். அவனுக்கு அடியாட்கள். வேலை செய்யாதவனுக்கு உதை. புதிதாக வந்த உங்களையும் பிடித்து, வயலில் இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடு என்று மிரட்டுவான் ஒருத்தன். பண்ணையார் கதை கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஆசாமியை அடையாளம் தெரிய ஐந்து நொடி போதும்.

விடுதலைக்காகக் குவிக்கிற முகாமும் யாரோ ஒருவனின் முதுகில்தான் நிற்கிறது. அரிசி போதாததற்கு, இவர்களில் உள்ள கொள்ளைக்காரக் கூட்டம் பழைய முகாமின் சரக்கு வண்டிகளை மறித்துப் பிடுங்கிச் சாப்பிடுகிறது. வியாபாரம் செய்யமாட்டோம் என்ற கொள்கை, வியாபாரம் செய்கிறவனிடம் திருடுவதால் ஓடுகிறது.

மூன்றாவது சதுப்பு முகாம். 'உறங்குபவன்' என்ற தெய்வம் கனவில் பேசி விடுவிக்கும் என்று நம்புகிறவர்கள். இவர்களின் பொருளாதாரம் சதுப்பில் விளையும் ஒரு புகையிலை. கஞ்சா என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்தர்களும் இழுக்கிறார்கள், மற்ற இரண்டு முகாமுக்கும் விற்கவும் செய்கிறார்கள். கோமெஸுக்கே சரக்கு போகிறது.

விற்பது, குவிப்பது, நம்புவது. சிறைக்கு மூன்று பதில்கள். மூன்றும் ஒரே சங்கிலியில் கோர்த்திருக்கின்றன. பழைய முகாமிடம் ராஜாவின் ரொட்டி இல்லாவிட்டால் கொள்ளைக்காரர்களுக்குப் பிழைப்பில்லை, பழைய முகாமின் தாது இல்லாவிட்டால் சதுப்புக்காரர்களின் சரக்கை வாங்க ஆளில்லை. இன்னொரு விதமாகவும் யோசிக்கலாம், இது என் ஊகம். ராஜா ரொட்டியை நிறுத்திப் பழைய முகாமைப் பட்டினி போட ஏன் முயலவில்லை? பள்ளத்தாக்குக்குள் நெல் விளைகிறது என்பது அவன் கையைக் கட்டிப்போட்டிருக்கலாம். நிறுத்தினால் கூலிகள் வயலுக்குப் போய்விடுவார்கள், தாது நின்றுவிடும். கோமெஸின் பேர பலத்தில் ஒரு பங்கு, அவன் வெறுக்கும் புதிய முகாமின் வயலில் விளைந்தது.

குறை என்று சொன்னால்

இவ்வளவு நுட்பமாக யோசித்தவர்கள் ஓரிடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள். ராஜா இறக்கும் சரக்கில் பெண்களும் உண்டு. கோமெஸின் கோட்டைக்குள் சில பெண்கள் இருக்கிறார்கள். பேச்சு என்று சொல்லும்படி எதுவும் அவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்காக ஒரு பணியும் இல்லை. பெருக்குவார்கள், விசிறுவார்கள், நிற்பார்கள்.

அக்காலத்து விளையாட்டுகள் அப்படித்தான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. இந்த விளையாட்டின் மைய வாதத்துக்கே மிக வலுவான சாட்சி அந்தப் பெண்கள்தான். ராஜாவும் கைதியும் எதிரிகள் என்கிறது கதை. ஆனால் ஒரு பெண்ணைச் சரக்கோடு சரக்காகக் கயிற்றில் இறக்குவதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. மேலே இருப்பவன் அனுப்புகிறான், கீழே இருப்பவன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறான். இந்தக் காலனி சுதந்திர நாடு அல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கையில் வந்த அந்தக் கதையை எழுதாமல் விட்டதுதான் குறை. ஒரே ஒரு பெண் பாத்திரத்துக்கு நாலு வசனம் கொடுத்து, இந்தப் பேரம் அவள் பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று சொல்லவைத்திருந்தால் விளையாட்டே வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

இன்னொரு குறை, கூலிகள். அவர்களோடு பேசலாம், முணுமுணுப்பைக் கேட்கலாம். ஆனால் ஒரு முறை கலகம் செய்து கோட்டையைப் பிடித்தவர்கள், அதே கோட்டையை இரண்டாவது முறை பிடிக்க ஏன் யோசிக்கவே இல்லை? ரொட்டி வருகிறது, பழகிவிட்டது என்பது ஒரு பதில். நம்பக்கூடிய பதில்தான். ஆனால் விளையாட்டு அந்தக் கேள்வியையே எழுப்புவதில்லை. பேரற்ற கதாநாயகனான நீங்கள் கூலியாக நின்று வாழ்ந்து பார்க்கவும் வழியில்லை. நிழலாகவோ கொள்ளைக்காரனாகவோ பக்தனாகவோ ஏறித்தான் ஆக வேண்டும். ஏணியை விமர்சிக்கிற விளையாட்டு, ஆடுகிறவனுக்கு ஏணியை மட்டுமே தருகிறது.

சுரங்கம் இடிந்த பிறகு

நான்காம் அத்தியாயத்தில் பழைய சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து அது மூழ்கிப்போகிறது. கதையில் இது திருப்பம். எனக்கு இது கணக்கின் கடைசி வரி. கோமெஸிடம் இருந்தது ஒரே ஒரு சரக்கு, ஒரே ஒரு வாடிக்கையாளன். எங்கள் தொழிலில் இப்படி ஒரு அமைப்பை வடிவமைத்தால் மேலதிகாரி முதல் நாளே கேட்பார், இந்த ஒரு இடம் விழுந்தால் என்ன செய்வாய் என்று. கோமெஸுக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. கேட்டவர்கள் தீ மந்திரவாதிகள். புதிய முகாமின் சுரங்கத்தைப் பிடிக்க ஆள் அனுப்புகிறான் கோமெஸ், அதை எதிர்த்த மந்திரவாதிகளைக் கொன்றுவிடுகிறான். கோட்டை வாசல் மூடுகிறது. டியேகோவும் மில்டனும் வெளியேறிவிடுகிறார்கள். ராஜாவின் படை ஒரு அடிகூட உள்ளே வைக்கவில்லை. ஒரு சுரங்கம் மூழ்கியதில் 'சுதந்திர' கோட்டை தன் ஆட்களையே வெட்டத் தொடங்கிவிட்டது.

மற்ற இரண்டு பதில்களும் பலிக்கவில்லை. உறங்குபவன் தெய்வமில்லை, ஓர்க்குகள் எப்போதோ எழுப்பிய அரக்கன். திரை அப்படிப் பிசகி விரிந்ததற்கும் அதுதான் காரணம். குவித்துவைத்த தாது மேடு திட்டப்படி வெடிக்கவே இல்லை. அதன் சக்தியைக் கதாநாயகன் ஒரு வாளுக்குள் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான், மந்திரவாதிகளைக் கேட்காமலே. வருஷக்கணக்கில் கூலிகள் வெட்டிச் சேர்த்தது ஒரு தனி மனிதனின் ஆயுதத்துக்குள் போகிறது. வீரக்கதைகளில் இது வழக்கம்தான். ஆனால் அந்த வயலையும் குடிசைகளையும் பார்த்த பிறகு இந்த இடத்தில் கொஞ்சம் உறுத்துகிறது. உறுத்த வேண்டும் என்றே எழுதினார்களோ என்றும் சந்தேகம்.

திரை விழுகிறது. அடுத்து 2002-ல் வந்த 'கோதிக் 2'. அதன் ஆரம்ப நிலைமையைப் பாருங்கள். திரை விழுந்ததால் கைதிகள் சிதறிவிட்டார்கள், தாது நின்றுவிட்டது. யுத்தத்தில் ராஜா தோற்றுக்கொண்டிருக்கிறான். ஆக அவன் வேறு யாரையும் நம்பாமல் தன் பலாடின் வீரர்களையே தாது தேடி அனுப்புகிறான். அவர்கள் போய் உட்காருவது கோமெஸின் அதே கோட்டையில். சுற்றிலும் ஓர்க்குகளின் முற்றுகை. கரோண்ட் என்ற தளபதியின் கீழ் ராஜாவின் உயர்குல வீரர்கள் வெளியே தலைகாட்ட முடியாமல் முடங்கிக் கிடக்கிறார்கள். அந்தக் கோட்டையின் நிலவறையில் பழைய நண்பன் கோர்ன் கைதியாக இருக்கிறான், அவனை மீட்க 1,000 தங்கக்காசு. ஆம், இப்போது காசு தங்கமாகிவிட்டது. தாதுக்கட்டியை நீட்டிச் சூப்பு வாங்கிய காலம் முடிந்தது. ராட்ஃபோர்டின் கட்டுரையும் இப்படித்தான் முடிகிறது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை முகாமுக்கு வந்ததும், அந்தச் சிகரெட் பொருளாதாரத்துக்கே தேவை இல்லாமல் போய்விட்டது.

லீ என்ன ஆனான்? ஒரு பெரும் பண்ணைக்காரனிடம் கூலிப்படைத் தலைவனாக இருக்கிறான். ராஜாவின் வரி வசூல்காரர்களைப் பண்ணைக்குள் விடாமல் தடுப்பது வேலை. வயல், பண்ணையார், அடியாள் என்று பழைய படம்தான், ஃபிரேம் மட்டும் பெரிது.

ஒரே கட்டடம் முதலில் ராஜாவின் சிறை, பிறகு கைதிகளின் கோட்டை, பிறகு ராஜாவின் ஆட்களுக்கே சிறை. கல் மாறவில்லை. யாருக்குச் சோறு எங்கிருந்து வர வேண்டும் என்பது மாறியது. இரண்டு விளையாட்டையும் அடுத்தடுத்து ஆடினால்தான் இந்த முழு வட்டம் தெரியும். முதலாவதை மட்டும் ஆடிவிட்டு 'சுதந்திர பூமி' என்று பேசுகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்.

யாருக்குப் பரிந்துரை

இதை உருவாக்கிய பிரான்யா பைட்ஸ் நிறுவனம் ஜெர்மனியின் ரூர் பகுதியைச் சேர்ந்தது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன நிலம் அது. சுரங்கமும் கூலியும் முதலாளியும் அவர்களுக்குப் புத்தகத்தில் படித்த விஷயமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். 2024-ல் நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. பார்சிலோனாவின் அல்கிமியா இன்டராக்டிவ் முதல் விளையாட்டை மறு உருவாக்கம் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டது. படம் அழகாவது பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை. மேலே சொன்ன அந்தப் பெண்களுக்குப் பேச வாய் கிடைக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பழைய விளையாட்டைத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கீபோர்டு கட்டுப்பாடு ரொம்ப முரடு, முதல் இரண்டு மணி நேரம் எரிச்சல் வரும். எதிரில் வருகிறவன் எல்லாம் உங்களை அடித்துப் போட்டு, தாதுவையும் ஆயுதத்தையும் உருவிக்கொண்டு போவான். கொல்லமாட்டான், எழுந்து மறுபடியும் நடக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடுங்கள். ப்ளட்வின் வந்து பத்து தாதுக்கட்டி கேட்கும்போது உடனே கொடுக்கவோ மறுக்கவோ வேண்டாம். ஒரு நிமிஷம் நின்று, அந்தப் பத்தும் கடைசியில் யார் கையில் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கோட்டையைத் தாண்டி, திரையைத் தாண்டி, மலையுச்சிக்குப் போய் நிற்கும் உங்கள் கணக்கு.